அகலத்திரை ரியர் புரொஜெக்‌ஷன் டிவி வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் பெரிய திரை வேண்டும் என்று ரியர் புரொஜெக்‌ஷன் டிவியைத் தேடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே பதினேழு கேள்விகள்தான். கேட்டபடியே எழுதியிருக்கிறது. எண்ணைப் போட்டிருப்பது, ஒரு பதிலிலிருந்து இன்னொன்றைச் சுட்டிக்காட்ட வசதியாக.

1. ரியர் புரொஜெக்‌ஷன்னா என்ன? சினிமா தியேட்டர் புரொஜெக்டர் மாதிரியா?

தியேட்டரில் வெளிச்சம் நம் தலைக்கு மேலே போய்த் திரையில் விழுந்து திரும்பி வருகிறது. இதில் எல்லாமே பெட்டிக்குள். அடியில் இருக்கும் புரொஜெக்டர் பின்புறக் கண்ணாடியில் படத்தை அடிக்கும். கண்ணாடி அதைத் திரையின் முதுகில் திருப்பிவிடும். நாம் பார்ப்பது திரையை ஊடுருவி வரும் படத்தை. பெட்டி தடிமனாக இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிக்குத் தேவைப்படும் தூரம்தான்.

திரை வெறும் பிளாஸ்டிக் தகடு இல்லை. குறைந்தது இரண்டு அடுக்கு இருக்கும். உள்ளே ஃப்ரெனல் லென்ஸ்: சிதறி வரும் கதிர்களை நேராக்கி முன்னால் அனுப்புகிறது. வெளியே லெண்டிகுலர் தகடு: செங்குத்தான மெல்லிய வரிகள் நிறைந்தது, வெளிச்சத்தை இடம் வலமாக விரிக்கிறது. பல மாடல்களில் இதற்கும் முன்னால் பளபளப்பான அக்ரிலிக் தகடு ஒன்று காவலுக்கு இருக்கும்.

2. டியூப் வகை, லேம்ப் வகைன்னு சொல்றாங்களே, எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

டியூப் வகையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சிறிய பிக்சர் டியூப்கள். ஒவ்வொன்றும் சுமார் 7 அங்குலம். தரையில் நிற்கும் பெரிய அலமாரி போல இருக்கும், ஆழம் 60 செ.மீ.க்கு மேல். லேம்ப் வகை ஸ்டாண்டில் வைக்கும்படி சிறியது. பின்னாலோ பக்கத்திலோ லேம்ப் மாற்றும் மூடி இருக்கும். போட்டதும் படம் வர அரை நிமிடம் பிடிக்கும்.

லேம்ப் வகையிலும் மூன்று சாதி உண்டு. டிஎல்பியில் ஒரே சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள், அதன் முன்னால் சுழலும் கலர் வீல் (நிறத் துண்டுகள் கொண்ட சக்கரம்). எல்சிடியில் மூன்று சின்ன எல்சிடி பலகைகள். எல்காஸ் என்பதும் மூன்று பலகைதான், ஆனால் வெளிச்சம் ஊடுருவாமல் பட்டுத் திரும்பும். சோனி இதை எஸ்எக்ஸ்ஆர்டி என்றும், ஜேவிசி டி-ஐஎல்ஏ என்றும் விற்றன. எந்த வகை என்பது தெரியாமல் விலை பேசாதீர்கள். பழுதுகள் வகைக்கு வகை வேறு.

3. புதுசா எங்கேயாவது கிடைக்குமா?

கிடைக்காது. சோனி இந்தத் துறையிலிருந்து விலகுவதாக 2007 டிசம்பரில் அறிவித்தது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்திவிட்டது. இனி வாங்குவதெல்லாம் பழையது. "பாக்ஸ் பிரிக்காதது" என்று யாராவது விற்றாலும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டருக்கும் கூலண்டுக்கும் (டியூபைக் குளிர்விக்கும் திரவம்) வயது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

4. ஒருத்தர் சும்மாவே தர்றேங்கிறார். எடுத்துக்கலாமா?

இலவச டிவிக்கும் செலவு உண்டு. வண்டி, தூக்க ஆள், லேம்ப் வகையானால் ஒரு புது லேம்ப், டியூப் வகையானால் மூன்று நிறப் படங்களையும் ஒன்றாகப் பொருத்தும் கன்வர்ஜென்ஸ் வேலை (10 பார்க்க). இவற்றைக் கூட்டிப் பார்த்தால், அதே பணத்துக்கு ஒரு பழைய பிளாட் டிவி வந்துவிடக்கூடும். அப்படியும் இதை எடுக்க இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. ஒன்று, இருட்டறையில் சினிமா. நல்ல நிலையில் உள்ள டியூப் செட்டில் கருப்பு உண்மையாகவே கருப்பாக இருக்கும், மலிவான எல்சிடி டிவியில் அது வராது. இன்னொன்று, கழற்றிப் பூட்டுவதில் ஆசை. இரண்டும் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

5. பார்க்கப் போகும்போது என்னென்ன பார்க்கணும்?

ஓடும் படத்தைக் காட்டித்தான் விற்பார்கள். நகரும் படத்தில் பாதிக் குறைகள் மறைந்துவிடும். ஒரு பென் டிரைவிலோ டிவிடியிலோ ஐந்து நிலைப்படங்கள் கொண்டுபோங்கள்: முழு வெள்ளை, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டக் கோடுகள். டிவியை அரை மணி நேரம் முன்பே போட்டு வைக்கச் சொல்லுங்கள். சூடேறாத செட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டியூப் செட்டில் வெள்ளைத் திரையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். நடுவில் சதுரமாக ஒரு நிழல், இரு ஓரமும் பளிச்சென்று இருந்தால், வருடக்கணக்கில் 4:3 படம் (பழைய டிவியின் குறுகிய வடிவம்) கருப்புப் பட்டைகளோடு ஓடியிருக்கிறது. மூலையில் மங்கலாகச் சேனல் சின்னம் தெரியலாம், அடியில் செய்தி ஓடும் பட்டை தெரியலாம். இது பாஸ்பர் (டியூபின் உள்ளே ஒளிரும் பூச்சு) தேய்மானம், எந்த மெனுவாலும் போகாது. பிறகு மூன்று நிறங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த டியூப் தேய்ந்தது என்று தெரிந்துவிடும். கட்டக் கோடுகள் எங்கும் வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஓரத்தில் லேசாகச் சிவப்பு, நீலம் பிரிந்தால் பயம் வேண்டாம் (10 பார்க்க). கோடு வில்லாக வளைந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள் (11 பார்க்க). விவரம் தெரிந்தவர் செட்டை அணைத்துப் பின்மூடியைத் திறந்தால் (எச்சரிக்கை 11-ல்), டியூப்களுக்குக் கீழே பலகையில் பிசுபிசுப்பான கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது கூலண்ட் கசிவு. கசிந்த செட்டை விட்டுவிடுவதே நல்லது. அந்தத் திரவம் பலகையைக் கெடுக்கும், உயர் மின்னழுத்தப் பகுதியில் ஷார்ட் ஆக்கும்.

லேம்ப் வகையில் கருப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகளையும், வெள்ளைத் திரையில் மஞ்சள், நீலக் கறைகளையும் தேடுங்கள். மெனுவில் லேம்ப் மணிநேரக் கணக்கு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பட்டனில் பூஜ்யமாக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

6. எந்த சைஸ் எடுக்கலாம்? எவ்வளவு தூரத்துல உக்காரணும்?

நல்ல தெளிவான படத்துக்குத் திரை அளவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு. 50 அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மீட்டர். பழைய டிவிடியும் சாதாரண சேனலும்தான் பார்ப்பீர்கள் என்றால் தூரத்தைக் கூட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் படத்தின் ஏழ்மை முழுதாகத் தெரியும்.

4:3 படம் நிறையப் பார்க்கிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 55 அங்குல அகலத்திரையின் (16:9) அகலம் 48 அங்குலம், உயரம் 27. அதில் 4:3 படம் 36-க்கு 27 ஆக நிற்கும். அதாவது 45 அங்குல டிவி, இரு பக்கமும் 6 அங்குலம் வீண். இன்னும் அகலமான 2.35:1 சினிமா போட்டால் மேலும் கீழும் மூன்றேகால் அங்குலம் கருப்பு. "அகலத்திரை வாங்கியும் பட்டை போகவில்லையே" என்கிறவர்கள் பார்ப்பது இதைத்தான். அது பழுது இல்லை.

7. உக்காந்தா நல்லாருக்கு, எழுந்து நின்னா இருட்டாயிடுது. ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. லெண்டிகுலர் வரிகள் வெளிச்சத்தை இடம் வலமாகத்தான் விரிக்கும், மேலும் கீழும் மிகக் கொஞ்சம். திரையின் நடு, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் வர வேண்டும். லேம்ப் வகைக்கு ஸ்டாண்டின் உயரத்தை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். உயரமான மேசையில் ஏற்றிவைத்து "வெளிச்சம் பத்தவில்லை" என்று லேம்ப் மாற்றியவர்களும் உண்டு.

8. பகல்ல பார்க்க முடியுமா?

லேம்ப் வகை சமாளிக்கும். டியூப் வகைக்குத் திரைச்சீலை வேண்டும். ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் வைக்காதீர்கள். கேள்வி 1-ல் சொன்ன அக்ரிலிக் தகடு கண்ணாடி மாதிரி அறையையே காட்டும். அதைக் கழற்றிவிட்டால் பிரதிபலிப்பு பெருமளவு போய்விடும். பெரும்பாலான செட்டுகளில் ஸ்பீக்கர் வலையை எடுத்துவிட்டுச் சட்டத்தின் திருகுகளை அவிழ்த்தால் தகடு வரும். ஆனால் அதன் பிறகு மென்மையான லெண்டிகுலர் தகடு வெளியே நிற்கும். சின்னக் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் இது வேண்டாம்.

9. பட்டை பதிஞ்சுடும்னு பயமுறுத்துறாங்க. நெஜமா?

டியூப் வகையில் நிஜம். லேம்ப் வகையில் இந்தப் பதிவு கிடையாது. டியூப் செட்டுகள் கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக கான்ட்ராஸ்ட் உச்சத்தில் வைத்தே வந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைப் பாதிக்குக் கீழே இறக்குவது. ஷார்ப்னெஸையும் இறக்குங்கள், ஸ்கேன் வெலாசிட்டி மாடுலேஷன் (ஓரங்களைச் செயற்கையாகக் கூராக்குவது) என்று மெனுவில் இருந்தால் அணையுங்கள். இருட்டறையில் இது போதும், டியூபும் நீண்ட நாள் உழைக்கும்.

4:3 படத்துக்குக் கருப்பு, சாம்பல் என்று பட்டை நிறம் தேர்வு இருந்தால் சாம்பலை எடுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் ஓரமும் நடுவும் ஓரளவு சேர்ந்தே தேயும். இல்லையென்றால் இழுத்து நிரப்பும் முறையில் பாருங்கள். முகம் கொஞ்சம் அகலமாகும், அவ்வளவுதான்.

10. எழுத்து ஓரத்துல சிவப்பும் நீலமும் தனியா நிக்குது. என்ன பண்றது?

மூன்று டியூப் படமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. இதுதான் கன்வர்ஜென்ஸ். டியூப் வகையில் இது பழுதல்ல, பராமரிப்பு. அரை மணி சூடேற விட்டு மெனுவில் கன்வர்ஜென்ஸைத் திறந்தால் கட்டம் வரும். பச்சைதான் அளவுகோல், அதைத் தொட முடியாது. முதலில் நடுச் சிலுவையில் சிவப்பைப் பச்சையோடு சேர்க்கவும், அப்புறம் நீலத்தை. பிறகு மெனு தரும் 9 திருத்தப் புள்ளியோ அதற்கு மேலோ, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகவும். ஓரத்தில் தொடங்கினால் நடுவைத் திருத்தும்போது எல்லாம் மறுபடி நகரும். நீலம் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, நேரத்தைச் சிவப்பில் செலவிடுங்கள்.

செட்டை வேறு திசைக்குத் திருப்பி வைத்தாலும் பூமியின் காந்தப்புலத்தால் இது லேசாக மாறும். இடம் மாற்றினால் மறுபடி செய்ய வேண்டியதுதான். சர்வீஸ் மெனுவுக்குள் (டெக்னீஷியனுக்கான மறைவு மெனு) போகிறவர்கள், மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

11. நேத்துவரை நல்லா இருந்துச்சு, இன்னைக்குக் கோடெல்லாம் வில்லு மாதிரி வளையுது. மெனுவுல திருத்தவே முடியல.

இது கேள்வி 10 சமாச்சாரம் இல்லை. கன்வர்ஜென்ஸை இயக்கும் ஐசி (சிப்) போய்விட்டது. டியூப் செட்டுகளில் மிக அதிகமாக வரும் பழுது இதுதான். பெரிய ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) திருகியிருக்கும் இரண்டு ஐசிகள், பெரும்பாலும் எஸ்டிகே392 வரிசை. உடம்பில் அச்சடித்திருக்கும் முழு எண்ணும், கடைசி மூன்று இலக்கம் உட்பட, ஒத்துப்போக வேண்டும். ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள். அருகிலுள்ள குறைந்த ஓம் ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து பாருங்கள். ஐசி போகும்போது அவற்றில் சிலவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். அதைக் கவனிக்காமல் ஐசி மட்டும் மாற்றிவிட்டு "பலனில்லை" என்பார்கள்.

பழைய ஹீட் சிங்க் பேஸ்டைச் சுரண்டித் துடைத்து, புதியதை மெல்லிய படலமாகப் பூசி, திருகை இறுக்கியபிறகே மின்சாரம் கொடுக்கவும். "சும்மா ஒரு டெஸ்ட்" என்று ஹீட் சிங்க் இல்லாமல் போட்டால் புது ஐசி நொடியில் எரியும். சந்தையில் போலி எஸ்டிகே ஏராளம், மலிவு பார்த்தால் ஒரே மாதத்தில் திரும்ப இதே வேலை. இன்னொன்று: பிக்சர் டியூப் ஆனோடில் (உயர் மின்னழுத்த முனை) சுமார் 30,000 வோல்ட் இருக்கும், அணைத்த பின்னும் தங்கும். அதை டிஸ்சார்ஜ் செய்ய (தங்கிய மின்சாரத்தை வெளியேற்ற) தெரியாதவர் பின்மூடியைத் திறக்க வேண்டாம்.

12. படம் மங்கலா, பளிச்சுன்னு இருக்கிற இடத்தைச் சுத்திப் புகை மாதிரி தெரியுது.

முதல் சந்தேகம் தூசி. லென்ஸ்களிலும் கண்ணாடியிலும் வருடக்கணக்கில் படிந்திருக்கும். திறக்குமுன் 11-ல் உள்ள எச்சரிக்கையைப் படியுங்கள். ஊதுபந்தால் தூசியைத் தட்டிவிட்டு, லென்ஸை லென்ஸ் துணியால் துடையுங்கள். கண்ணாடி விஷயத்தில் உஷார். இதன் ரசம் முன்பக்கமே பூசப்பட்டிருக்கும், வீட்டுக் கண்ணாடிபோல் பின்னால் இல்லை. அழுத்தித் துடைத்தால் ரசமே வந்துவிடும். ஊதியும் போகாத கறைக்கு டிஸ்டில்டு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி, தொட்டும் தொடாமலும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கூடவே கூடாது. திரைக்கு ஈர மைக்ரோஃபைபர் துணி, மேலிருந்து கீழாக மட்டும், லெண்டிகுலர் வரி ஓடும் போக்கில்.

துடைத்தும் புகை போகவில்லையென்றால் டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவிலுள்ள கூலண்ட் கலங்கியிருக்கும். டார்ச் அடித்தால் பால்போலவோ பஞ்சுப் பூஞ்சையாகவோ தெரியும். திரவத்தை வடித்து, உள்லென்ஸைத் துடைத்து, புது கூலண்டும் கசியாமல் அடைக்கும் புது காஸ்கெட்டும் போட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றக் கூடாது. வடித்த திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், விஷம், நாய் பூனை நக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

13. லேம்ப் எத்தனை நாள் வரும்? நாமே மாத்தலாமா?

3,000 முதல் 6,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். அது அணைந்துபோகும் நேரம் இல்லை, வெளிச்சம் பாதியாகும் நேரம். மெதுவாகக் குறைவதால் வீட்டிலிருப்பவருக்குத் தெரியாது, புது லேம்ப் போட்ட அன்றுதான் "இவ்வளவு நாள் இப்படியா பார்த்தோம்" என்று தோன்றும். மாற்றுவது எளிது. பிளக்கைப் பிடுங்கி அரை மணி ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, கூண்டோடு இழுத்துப் புதியதைத் தள்ளவும். குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்க் கறை பட்ட இடம் சூட்டில் விரிசல் விடும். மூடியைச் சரியாகப் பூட்டாவிட்டால் பாதுகாப்பு சுவிட்ச் செட்டைப் போடவே விடாது. கடைசியாக மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கவும்.

கூண்டில்லாத பல்ப் மலிவு. அதை உட்காரவைக்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் வெளிச்சம் போய்விடும். முன்னாலுள்ள லேம்ப் எச்சரிக்கை விளக்கு மினுக்கிச் செட் எரியவில்லையென்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: டிக் டிக் என்று முயலும் ஓசை வந்தால் பெரும்பாலும் லேம்ப், ஓசையே இல்லையென்றால் பேலஸ்ட் (லேம்புக்கு மின்சாரம் தரும் பாகம்). அணைத்ததும் மின்விசிறி ஓடி முடியும்வரை பிளக்கைத் தொடாதீர்கள். மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் சின்ன யூபிஎஸ் லேம்பின் ஆயுளைக் காக்கும். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து வெளியே போங்கள், உள்ளே பாதரசம்.

14. வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கறை, வானவில் மின்னல்... எது எதனால?

வெள்ளைப் புள்ளி டிஎல்பியில் வரும்: நுண்கண்ணாடி "எரி" நிலையில் சிக்கிக்கொண்டது. ஐந்தாறாகத் தொடங்கி நட்சத்திரக் கூட்டமாகிவிடும். சிப்பை மாற்றலாம், சரியான எண் கிடைத்தால் கைவேலைக்காரர் ஒரு மாலையில் முடிப்பார். மஞ்சள் அல்லது நீலக் கறை எல்சிடி, எல்காஸ் வகையில் வரும்: சூட்டில் போலரைசரோ (ஒளியை வடிகட்டும் தகடு) பலகையோ கெட்டது. ஆப்டிகல் பிளாக் (படத்தை உருவாக்கும் லென்ஸ், பலகைத் தொகுதி) முழுதாக மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு இந்த டிவி தகாது. இந்தக் கறை லேசாகத் தெரிந்தாலே வாங்காதீர்கள், நாளாக ஆகக் கூடத்தான் செய்யும்.

வானவில் கலர் வீலால் வருவது. நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைச் சிலர் கண் பிரித்துப் பார்த்துவிடும். கருப்பில் வெள்ளை எழுத்து ஓடும்போது பார்வையை இடம் வலமாக வீசிப் பாருங்கள், உங்களுக்குத் தெரியுமா என்று அப்போதே தெரியும். வீட்டிலுள்ள எல்லாரையும் பார்க்கச் சொல்லுங்கள். வீல் கீச்சிட்டால் பேரிங் போகிறது என்று அர்த்தம். சாம்சங் 2006 முதல் எல்இடி ஒளியில் சில டிஎல்பி மாடல்கள் விற்றது. அவற்றில் லேம்பும் இல்லை, வீலும் இல்லை. கருவியை நோண்டப் பிடிக்காதவருக்குப் பழையவற்றில் அதுவே முதல் தேர்வு.

15. இப்போதைய பெட்டிகளை இதுல கனெக்ட் பண்ண முடியுமா?

பழைய டியூப் செட்டில் காம்பொனன்ட் சாக்கெட் (படத்தை மூன்று வயரில் அனலாகாக வாங்குவது) மட்டும் இருக்கலாம். எச்டிஎம்ஐயைக் காம்பொனன்டாக்கும் சிறிய பெட்டி வேண்டும். எச்டிசிபி காப்புள்ள (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) படங்களுக்கு எல்லாப் பெட்டியும் ஒத்துழைக்காது, திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள். டிவிஐ சாக்கெட் இருந்தால் எச்டிசிபி உண்டா என்று கையேட்டில் பாருங்கள், இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் போதும். ஒலிக்குத் தனி வயர். பல டியூப் செட்டுகள் 480பி, 1080ஐ என்ற இரண்டு படத் தெளிவு அளவுகளை மட்டும் ஏற்கும். 720பி அனுப்பினால் திரை உருண்டோடும், அல்லது ஒன்றுமே வராது. டிவிடி பிளேயர் மெனுவில் டிவி வடிவத்தை 16:9 என்று மாற்றவும். அதை மறந்தால் அனமார்ஃபிக் (அகலத்திரைக்காக நெருக்கிப் பதித்த) டிஸ்க்கின் தெளிவில் கால்பங்கு வீணாகும்.

16. பசங்க கேம் விளையாடலாமா?

டியூப் வகையில் கூடாது என்று கேம் கருவிகளின் கையேடுகளே எச்சரித்திருக்கின்றன. காரணம் 9-ல் சொன்னது: உயிர்க் கணக்கும் வரைபடமும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். லைட் கன் (திரையைக் குறிவைத்துச் சுடும் துப்பாக்கி) விளையாட்டுகள் இதில் வேலை செய்யாது. டிஎல்பியில் பதியும் பயம் இல்லை, பட்டன் அழுத்துவதற்கும் படம் மாறுவதற்கும் நடுவிலுள்ள தாமதம்தான் தொல்லை. கேம் மோட் இருந்தால் போடுங்கள்.

17. எப்படித் தூக்கிட்டு வர்றது? கடைசியில எப்படித் தூக்கிப் போடறது?

பெரிய டியூப் செட்டுகள் 100 கிலோவைத் தாண்டும், நாலு பேர் வேண்டும். நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுவாருங்கள். படுக்க வைத்தால் கூலண்ட் கசியலாம், தூசி லென்ஸில் கொட்டும். திரையில் கைவைத்துத் தள்ளாதீர்கள். வாங்குமுன் உங்கள் வாசல் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள், இதில் ஏமாந்தவர்கள் அதிகம்.

கழிக்கும்போது டியூப் கண்ணாடியில் ஈயமும் லேம்பில் பாதரசமும் உண்டு, மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியையும் ஃப்ரெனல் தகட்டையும் பலர் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஃப்ரெனலை வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். 50 அங்குலத் தகடு வெயிலை ஒரு புள்ளியில் குவித்தால் மரச்சட்டம் நொடிகளில் பற்றும். மொட்டை மாடியில் வைக்க வேண்டியிருந்தால் கனத்த போர்வையால் முழுதாக மூடி, வரிப்பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.